ஏலத்தில் விலைபோகாத 12 கள்ளிகள்

2021-ஆம் ஆண்டு அறுப்பின் பண்டிகை நம் சபையில் பலருக்கும் நினைவிருக்கும். கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் ஒன்றாய்க் கூடிய முதல் பண்டிகை அது. ஏலத்தில் ஒரு பூசணிக்காய் 60 டாலருக்குப் போனது. வீட்டுத் தோட்டத்தில் பழுத்த ஒரு சீப்பு வாழைப்பழத்துக்காக இரண்டு அங்கிள்மார் போட்டி போட்டு 100 டாலரைத் தாண்டினார்கள். அச்சுமுறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், முட்டை என்று எல்லாம் தீர்ந்த பிறகு மேசையில் ஓர் அட்டைப்பெட்டி மட்டும் மிஞ்சியது. அதற்குள் 12 சிறு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் எலுமிச்சம்பழ அளவில் ஒரு முள் உருண்டை.

ஏலம் போட்ட அண்ணன் ஒருதரம், ரெண்டுதரம் என்று கூவிப் பார்த்தார். யாரும் கை தூக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர், "கள்ளிக்குப் போயி காசா? எங்க ஊர்ல வேலியில சும்மால்லா கெடக்கு!" என்றார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. பெட்டியைக் காணிக்கையாகக் கொண்டுவந்திருந்த அங்கிளின் முகம் வாடிப்போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் வாலிபர் ஐக்கியத்தின் பெயரில் 20 டாலர் கொடுத்து நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்களில் ஒருவருக்கும் கள்ளி வளர்த்துப் பழக்கமில்லை.

அந்த 12-இல் இன்று உயிரோடிருப்பவை 5. ஏழு செடிகளைச் சாகவிட்டு நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். இந்த ஆண்டு பண்டிகை ஏலத்துக்கும் கள்ளி வரப்போகிறது. வாங்குகிறவர்கள் எங்களைப்போல் தவறு செய்ய வேண்டாம்.

ஆச்சி சொன்ன கள்ளி வேறு

முதலில் ஆச்சியின் கேள்விக்குப் பதில். திருநெல்வேலிப் பக்கம் வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும். அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்வைக்கு இந்த ஊர்க் கள்ளிபோல இருந்தாலும் இரண்டுக்கும் உறவு கிடையாது. இங்குள்ள கள்ளிகளின் முள், தண்டின்மேல் வரிசையாக இருக்கும் பஞ்சுபோன்ற சிறு மெத்தைகளிலிருந்து கொத்தாக முளைக்கும். அந்த மெத்தைதான் அடையாளம். நம் ஊர் சப்பாத்திக்கள்ளியில் அது உண்டு. ஏனென்றால் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்கடந்து நம் ஊருக்கு வந்தது. நாம் இங்கே வந்ததற்கு வெகுகாலம் முன்பே அது அங்கே போய்விட்டது.

எங்கள் பெட்டியில் இருந்தவை சவாரோ. நம் அரிசோனா வண்டிகளின் நம்பர் பலகையில் கைகளைத் தூக்கியபடி நிற்குமே, அதுவேதான். உலகத்தில் சொனோரா பாலைவனத்தில் மட்டுமே அது தானாக வளரும். தெற்கு அரிசோனா, மெக்சிகோவின் சொனோரா மாநிலம், கலிபோர்னியாவின் ஓரத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். 40 அடிக்கு மேலும் உயரும். 150 ஆண்டு, அதற்கு மேலும் வாழும். வளர்ந்து நீர் நிறைந்த ஒரு சவாரோவின் எடை டன் கணக்கில் இருக்கும்.

ஆனால் தொடக்கம் மிகச் சிறியது. ஒரு பழத்தில் ஏறக்குறைய 2,000 விதைகள் இருக்கும். பெரும்பாலானவை எறும்புக்கும் பறவைக்கும் இரையாகும். முளைத்த கன்று காட்டில் முதல் 8 ஆண்டுகளில் ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம்தான் வளரும் என்று டூசானில் உள்ள சவாரோ தேசியப் பூங்காவார் சொல்கிறார்கள். முதல் பூவுக்கு ஏறக்குறைய 35 ஆண்டு. முதல் கை முளைக்க 50 முதல் 70 ஆண்டு. மழை குறைந்த இடங்களில் 100 ஆண்டுகூட ஆகலாம். தொட்டியில் வைத்து அளவாய் நீர் கொடுத்தால் காட்டைவிடச் சற்று வேகமாக வளரும். இருந்தாலும் அவசரக்காரருக்கு ஏற்ற செடி இது அல்ல.

முதல் நான்கு சாவுகள்

பெட்டியைப் பிரித்து 12 குடும்பங்களுக்கு ஆளுக்கொரு தொட்டி கொடுத்தோம். பிப்ரவரிக்குள் 4 செத்துப்போயின. நான்குக்கும் ஒரே காரணம்: தண்ணீர்.

நம் வீடுகளில் செடி என்றால் காலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவதுதான் பழக்கம். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் அது சரி. குளிர்காலத்தில் கள்ளி உறங்கும். வேர் நீரை உறிஞ்சாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் அடிப்பகுதி அழுகிவிடும். மேலே பச்சையாகத்தான் இருக்கும். ஒருநாள் விரலால் தொட்டால் அடி மெத்தென்று அமுங்கும். அதற்குப் பிறகு பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

இப்போது நாங்கள் செய்வது இது. தொட்டியின் அடியில் கட்டாயம் ஓட்டை இருக்க வேண்டும். கீழே தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. மெருகு பூசாத மண்தொட்டி நல்லது; ஈரம் பக்கவாட்டிலும் காயும். கடையில் விற்கும் கள்ளி மண்ணோடு பாதிக்குப் பாதி பியூமிஸ் அல்லது பெர்லைட் கலக்கிறோம். நீர் ஊற்றினால் சில நொடிகளில் கீழே ஓட வேண்டும். குட்டை போலத் தேங்கினால் அந்த மண் ஆகாது. செடியைவிட ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் அகலமான தொட்டி போதும். பெரிய தொட்டியில் மண் அதிகம், ஈரமும் அதிக நாள் நிற்கும்.

எப்போது ஊற்றுவது? ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை மண்ணில் அடிவரை குத்தி எடுங்கள். இட்லி வெந்ததா என்று பார்ப்போமே, அதே முறை. மண் ஒட்டாமல் காய்ந்து வந்தால் ஊற்றலாம். ஊற்றும்போது அடியில் வழியும்வரை ஊற்றி, பிறகு மண் முழுதும் காயும்வரை விட்டுவிட வேண்டும். கோடையில் இது 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை வரும். குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் கொஞ்சம். வெளியே குளிர் அதிகமானால் அதுவும் வேண்டாம்.

செடியே சொல்லவும் செய்யும். சற்று வளர்ந்ததும் சவாரோவின் தண்டில் மடிப்புகள் விழும். பழைய ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மடிப்பு விரியும், வறண்டால் சுருங்கும். மடிப்பு நெருங்கி உடம்பு சுருங்கியிருந்தால் தாகம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டு வாரம் தாகத்தோடு நின்றால் கள்ளி சாகாது. இரண்டு வாரம் ஈரத்தில் நின்றால் சாகும்.

சன்னலோரக் கழுத்தும் முயல் கடியும்

அடுக்ககத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம் தங்கள் செடியைக் கூடத்தின் உள்மூலையில் வைத்திருந்தது. ஆறு மாதத்தில் அது உயர்ந்துவிட்டது என்று எங்களுக்கெல்லாம் படம் அனுப்பினார்கள். உண்மையில் அது வெளிச்சத்தைத் தேடி நீண்டிருந்தது. உருண்டையின் உச்சியில் வெளிறிய பச்சையில் ஒரு ஒல்லிக் கழுத்து. பிறகு வெளியே வைத்தபோது அதற்கு மேல் வளர்ந்த பகுதி பழையபடி பருத்தது. ஆனால் இடுப்பில் விழுந்த ஒடுக்கம் இனிப் போகாது. வீட்டுக்குள் வைப்பவர்கள் தெற்கு அல்லது மேற்குச் சன்னலை ஒட்டி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பினால் ஒருபக்கமாய்ச் சாயாது.

இன்னொரு வீட்டில் செடியைத் தோட்டத்தில் நட்டார்கள். எல்லாம் சரியாகச் செய்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பாதி உருண்டையைக் காணவில்லை. முயல். பாலைவனத்து முயலுக்கும் எலிக்கும் சிறு கள்ளி ஒரு குடம் தண்ணீர் மாதிரி. முள் அவற்றைத் தடுப்பதில்லை. தரையில் நடும் சிறு கன்றைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு கட்டாயம் வேண்டும். கூண்டின் கீழ் விளிம்பை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

2023 கோடை

இதை நாம் யாரும் மறக்க மாட்டோம். ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் பீனிக்ஸில் பகல் வெயில் 110 பாகை பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வண்டிக் கதவைத் தொட்டால் கை சுட்டது. அந்த மாதத்தில் நகரத்தில் வளர்ந்த சவாரோக்கள் பல கைகள் ஒடிந்து விழுந்தன. சில அப்படியே சாய்ந்தன.

பாலைவனச் செடி வெயிலில் ஏன் விழுகிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. பிறகுதான் அறிந்தோம். மற்றச் செடிகள் பகலில் மூச்சுவிடும். கள்ளி பகலில் தன் தோலிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொள்ளும், நீர் ஆவியாகாமல் இருக்க. இரவு குளிர்ந்த பிறகு துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுத்துச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு உணவு தயாரிக்கும். ஆகவே அதற்கு இரவின் குளிர்ச்சி வேண்டும். அந்த ஜூலையில் பல இரவுகள் 90 பாகைக்குக் கீழே இறங்கவேயில்லை. சிமெண்டும் தாரும் பகலில் குடித்த சூட்டை இரவெல்லாம் கக்கின. செடிக்கு இளைப்பாற நேரமே கிடைக்கவில்லை.

எங்களில் இரண்டு வீடுகளில் செடிகள் மேற்குப் பார்த்த சுவரை ஒட்டி இருந்தன. மாலை வெயிலும் சுவரின் சூடும் சேர்ந்து இரண்டையும் வாட்டிவிட்டன. முதலில் மஞ்சளித்தன, பிறகு தோல் வெளுத்துத் தடித்தது, ஆகஸ்டில் காய்ந்துபோயின.

காட்டில் சிறு சவாரோ தனியாக வெட்டவெளியில் நிற்பது அரிது. பாலோ வெர்டே, அயர்ன்வுட், மெஸ்கீட் போன்ற மரத்தின் நிழலில்தான் பெரும்பாலும் அது பிழைத்து வளர்கிறது. கோடையில் அந்த மரம் வெயிலை மறைக்கும், குளிர்காலத்தில் உறைபனியைத் தடுக்கும், விலங்குகளின் கண்ணிலிருந்து ஒளித்துவைக்கும். இங்கே அதை நர்ஸ் மரம் என்கிறார்கள். நம் தமிழில் செவிலித்தாய். இதில் மெஸ்கீட் யார் தெரியுமா? இராமநாதபுரத்துக்காரர்கள் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அங்கே வேண்டாத விருந்தாளி, இங்கே செவிலி.

வீட்டில் மரம் இல்லையென்றால் நிழல்வலை போதும். சிறு கன்றுக்கு முதல் இரண்டு மூன்று கோடைகளுக்கு, 30 முதல் 50 சதவீதம் வெயிலை மறைக்கும் வலையை ஒரு சட்டத்தில் கட்டி மேலே வையுங்கள். செடியின்மேல் படக்கூடாது. சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். குளிர்காலத்தில் உறைபனி எச்சரிக்கை வந்தால் மாலையில் பழைய போர்வை ஒன்றால் மூடிக் காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம்.

தரையில் நடுவது எப்படி

இடம் தேர்வதுதான் முதல் வேலை. இன்று உங்கள் உள்ளங்கையில் அடங்குவது, உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் டன் கணக்கில் எடையோடு நிற்கும். வீட்டுச் சுவர், மின்கம்பி, நீச்சல்குளம், குழந்தைகள் ஓடும் பாதை எல்லாவற்றிலிருந்தும் நன்றாகத் தள்ளி நடுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளமும் புல்தரையும் ஆகாது.

மார்ச் முதல் மே வரை நடுவதற்கு நல்ல காலம், செப்டம்பரும் ஆகும். தொட்டியிலிருந்து எடுக்கும் முன்பே, எந்தப் பக்கம் தெற்கு பார்த்து நின்றது என்று தொட்டியில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். நடும்போதும் அதே பக்கம் தெற்கே இருக்க வேண்டும். அந்தப் பக்கத் தோல்தான் வெயிலுக்குப் பழகியது. வடக்குப் பக்கத்தைத் திருப்பி வைத்தால் வெந்துவிடும்.

கையுறை மட்டும் போட்டால் முள் உள்ளே வரும். செய்தித்தாளைப் பலமடிப்பாக மடித்து ஒரு பட்டைபோலச் செடியைச் சுற்றிப் பிடியுங்கள். குழி தொட்டியின் ஆழமே போதும், அகலம் அதைப்போல் இரண்டு மடங்கு. தோண்டும்போது வெள்ளையாய்க் கெட்டியாக ஒரு படிவம் தட்டுப்பட்டால் அது கலீச்சே. நம் ஊரில் சுக்கான் என்பார்களே, அந்த மாதிரி. அதை உடைத்து நீர் இறங்க வழி செய்யாவிட்டால் குழி ஒரு கிண்ணமாகிவிடும். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். உரமோ எருவோ வேண்டாம். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடவேண்டும். தண்டைப் புதைத்தால் அழுகும்.

நட்டவுடன் தண்ணீர் ஊற்றக் கை துடிக்கும். பொறுங்கள். எடுக்கும்போது அறுந்த சிறுவேர்கள் ஆற ஒரு வாரம் விட்டுப் பிறகு முதல் தண்ணீர். அதன்பின் முதல் இரண்டு ஆண்டு, வெப்ப மாதங்களில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நன்றாக நனைத்தால் போதும். ஜூலை ஆகஸ்டில் மழை பெய்தால் அந்த முறையை விட்டுவிடலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒன்றும் வேண்டாம். சவாரோவின் பெரும்பாலான வேர்கள் மண்ணுக்குள் சில அங்குலத்திலேயே நாற்புறமும் பரவும். ஆகவே அடியில் ஊற்றாமல் சுற்றிலும் ஊற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. காட்டிலிருந்தோ அடுத்தவர் நிலத்திலிருந்தோ சவாரோவைப் பிடுங்குவது இந்த மாநிலத்தில் குற்றம். மலையேறப் போகும்போது சின்னதுதானே என்று எடுத்து வந்துவிடாதீர்கள். விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை நர்சரிகளில் விற்கிறார்கள். வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு தங்கை விட்டுச்சென்ற தொட்டி

மிஞ்சிய ஐந்தில் ஒன்றைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம்.

12 வீடுகளில் செடியை மிக நன்றாக வளர்த்தவள் ஏழாம் வகுப்பு படித்த ஒரு தங்கை. ஞாயிறு பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்தத் தேதியில் தண்ணீர் ஊற்றினாள், எவ்வளவு உயரம் என்று எழுதி வைத்திருந்தாள். முதல் குளிர்காலத்தில் எங்கள் செடிகள் ஒவ்வொன்றாய் அழுகியபோது அவளுடையது மட்டும் கல்போல நின்றது. என்ன செய்தாய் என்று கேட்டோம். "ஒண்ணும் செய்யல அண்ணா" என்றாள்.

2024 தொடக்கத்தில் அவள் அப்பாவுக்கு வேலை போனது. வேலை விசாவில் இருக்கிறவர்களுக்கு அதற்குப் பிறகு உள்ள அவகாசம் 60 நாள் என்பது நம் சபையில் எல்லாருக்கும் தெரியும். புது வேலை அமையவில்லை. வீட்டுச் சாமான்களை விற்றும் கொடுத்தும் தீர்த்தார்கள். ஊருக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை, வாலிபர் கூட்டத்துக்கு அவள் அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். வெயில் எந்தப் பக்கம், தண்ணீர் எப்போது, மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் ஆல்கஹால் தொட்டு எப்படித் துடைப்பது என்று எல்லாம் வரிசையாக எழுதியிருந்தாள். கடைசி வரியில், "பாவமா இருக்குன்னு தண்ணி ஊத்திடாதீங்க அக்கா" என்று இருந்தது.

அந்தத் தாளை வாங்கிய எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அன்றைக்கு எங்களில் பாதிப் பேருக்கு வந்த எண்ணம் ஒன்றுதான்: நாளைக்கு நம் வீட்டிலும் இப்படி ஆகலாம். 100 ஆண்டு நிற்கப்போகும் ஒரு செடியை, அடுத்த ஆண்டு இங்கே இருப்போமா என்று தெரியாத நாம் நடுவதில் என்ன பொருள் என்று ஓர் அண்ணன் வாய்விட்டே கேட்டார். யாருக்கும் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை.

நாம் ஆராதனைக்கு வாடகைக்கு எடுத்திருக்கும் கூடத்தின் பின்பக்கத்தில் ஒரு பழைய பாலோ வெர்டே மரம் உண்டு. நாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே யாரோ நட்டது. அந்த இடத்துச் சபையாரிடம் அனுமதி கேட்டோம். அவர்களில் ஒரு முதியவர் மண்வெட்டியோடு வந்து கலீச்சேயை உடைத்துக் கொடுத்தார். ஏப்ரல் மாதத்தில் அந்த மரத்தடியில் நட்டோம். கூண்டு கட்டினோம். தெற்குப் பக்கம் தெற்கேதான் இருக்கிறது.

இப்போது அவள் பாளையங்கோட்டையில் படிக்கிறாள். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்களில் ஒருவர் போய்ப் படம் எடுத்து அனுப்புவோம். ஒருமுறை ஸ்கேல் இல்லாமல் அனுப்பிவிட்டோம். உடனே பதில் வந்தது: "பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடுங்க அண்ணா, எப்படித் தெரியும்?" கடைசியாக அளந்தபோது நாலேகால் அங்குலம். நட்ட அன்றைக்கு மூன்றரை. அது முதல் கையைத் தூக்கும்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

ஏலத்தில் சிரித்த அந்த ஆச்சி இந்த முறை ஊரிலிருந்து வந்தபோது பின்பக்கம் போய்க் கூண்டுக்குள் குனிந்து பார்த்தார்கள். "இதுவால அது?" என்று கேட்டார்கள். பிறகு, "நாலு புள்ளைகளுக்கு இத நடச் சொல்லிக் குடுங்கலே" என்றார்கள்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. இந்த நவம்பரில் ஏல மேசையில் 10 சவாரோக் கன்றுகள் இருக்கும். ஒவ்வொன்றோடும் அந்தத் தங்கை எழுதிய தாளின் நகல் ஒன்றும் இருக்கும். நீங்கள் ஊர் மாறிப் போக நேர்ந்தால் தொட்டியை எங்களிடம் கொண்டு வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நாங்களும் போய்விட்டால் எங்களுக்கு அடுத்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறோம்.